ரெண்டு கோட்

அவள் வருகிறாள் என்று தெரிந்தால் போதும், அவன் சுவரைச் சுரண்ட ஆரம்பித்துவிடுவான்.

அவனுக்குத் தெரிந்த வரவேற்பு அது ஒன்றுதான். பெண்டாட்டி திரும்பி வருகிறாள் என்றால் மற்ற ஆண்கள் பாத்திரம் கழுவி வைப்பார்கள், படுக்கையை உதறிப் போடுவார்கள். இவன் பெயிண்டர். கட்டிலை நடு அறைக்கு இழுத்துவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தலைமாட்டுச் சுவரில் பட்டித் தகட்டை வைப்பான். உப்புப் பூத்த சுவர் கறகறவென்று உதிரும். அப்புறம் கம்பி பிரஷ், அதற்கப்புறம் உப்புத்தாள். அறை முழுக்கத் தூசு புகை மாதிரி நிற்கும். பக்கத்து வீட்டு அம்மாள் சண்டைக்கு வந்துவிடக் கூடாதே என்று ஜன்னலைச் சாத்தி வைத்துக்கொள்வான். தூசு கட்டிலிலும் தலையணையிலும் படிந்து அடங்கினதும் மேலோடு ஒரு தட்டுத் தட்டிவிட்டு பிரைமர், அதன் மேல் ரெண்டு கோட். மறுநாள் காலை அவள் வரும்போது சுவர் குளித்து முழுகி வந்த மாதிரி நிற்கும்.

ஊரில் அவனுக்கு இருந்த பெயரும் அதுதான். எந்த வீட்டுக்காரர் எந்தக் கறையைக் காட்டினாலும் தாடையைச் சொறிந்துகொண்டு ஒரே பதில் சொல்வான்: "ரெண்டு கோட் விட்டா இருந்த இடம் தெரியாது." சொல்லிச் சொல்லியே ரெண்டு கோட் ஆகிவிட்டான். அம்மா அப்பா வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் மிச்சம் இருந்தது.

ஆனால் அவன் வீட்டுச் சுவரில் மட்டும் அந்தப் பேச்சு பலிக்கவில்லை. மூன்று வாரம், மிஞ்சினால் ஒரு மாதம். முதலில் மூலையில் மிளகைத் தூவின மாதிரி புள்ளிகள். பிறகு புள்ளிகள் ஒன்றோடொன்று கைகோர்த்துக்கொள்ளும். அதற்கப்புறம் கறுப்பும் பச்சையுமாக அது உட்கார்ந்துவிடும். தலைமுடியை அவிழ்த்துப் போட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஒரு பக்கம் தோள் சாய்ந்து குனிந்திருக்கும் ஒரு பெண். ஒவ்வொரு தடவையும் அதே இடம். அதே சாய்வு.

மனைவிதான் அதற்கு 'சக்களத்தி' என்று பெயர் வைத்தாள்.

"நான் அந்தப் பக்கம் போனா போதும், இவ கட்டிலுக்கு வந்துடுறா. நல்லா வச்சிருக்கீங்க ரெண்டு பேரை."

"ஒருத்திக்கே சோறு போட முடியல, இதுல ரெண்டா," என்பான் அவன்.

சிரிப்பார்கள். சிரிப்பு அவளுக்கு இருமலாகித்தான் முடியும்.

இருமல் தொடங்கி ஒன்றரை வருஷம். துணிக்கடையில் துணி மடிக்கும் வேலையில் இருந்தாள். வாங்க வருபவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று கடைக்காரர் நிறுத்திவிட்டார். அக்கா மகள் கல்யாணத்துக்கு என்று பத்து நாள் மேட்டுத் தெருவில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனவள், அங்கே இருமலே இல்லாமல் இருந்தாள். திரும்பி வந்த அன்று சாயங்காலம் காய்ச்சலும் இருமலும் மூச்சுவாங்கலும். மறுபடி அக்கா வீடு, மறுபடி குணம். மறுபடி வீடு, மறுபடி படுக்கை. இதோடு நாலாவது தடவை.

இந்தத் தடவை வெங்காயத் தோல் நிறம் அடித்திருந்தான். கடைக்காரனிடம் நாலு நிறம் கலக்கச் சொல்லி, பிடிக்காமல் திருப்பி, அவள் முகத்துக்கு எது எடுப்பாக இருக்கும் என்று யோசித்து வாங்கியது. ஆட்டோவிலிருந்து அக்காவும் தங்கையுமாக இறங்கினார்கள். அவள் கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது. படியை ஒரே மூச்சில் ஏறினாள்.

"அடேயப்பா," என்றாள் அறை வாசலில் நின்று. "என்னங்க, எனக்கா சுவருக்கா, யாருக்குக் கல்யாணம்?"

"ரெண்டு பேருக்கும்தான். சக்களத்தியை உள்ள வச்சுப் பூசிட்டேன். இனிமே வெளிய வரமாட்டா."

அக்கா மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். "தம்பி, பெயிண்ட் வாசனையோட வேற என்னமோ வாசனை வருதே. ஈரச் சாக்கு மாதிரி."

"அது பழைய வீட்டு வாசனை அண்ணி. நீங்க மேட்டுல இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாது."

சொந்த வீட்டைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால் அவனுக்குப் பொறுக்காது. அவன் கைப்படக் கட்டின வீடு. பின்சுவருக்கு அப்பால் ஊர்ச் சாக்கடை ஓடியதால் மலிவாகக் கிடைத்த இடம். ஊராருக்கெல்லாம் சுவர் அழகு பார்த்தவனுக்குச் சொந்தமாக நாலு சுவர்.

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவள் கழுத்து கொதித்தது. நெஞ்சுக்குள் யாரோ தகரத்தை இழுக்கிற சத்தம். சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, மூச்சுக்காகக் குனிந்து உட்கார்ந்துவிட்டாள். படுத்தால் மூச்சு அடைத்தது.

அவனுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, ரோஷம்.

"உங்க அக்கா வீட்டுல ஓடியாடி இருக்கே. இங்க காலை வச்ச அன்னைக்கே படுத்துடுறே. என் மூஞ்சியைப் பாத்தா இருமல் வருதா?"

அவள் பதில் சொல்ல மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. "உங்க மூஞ்சியைப் பாத்தா சிரிப்புதான் வரும்," என்றாள். பிறகு கட்டைவிரலால் முதுகுக்குப் பின்னால் காட்டினாள். "அவதான்... விடமாட்டேங்கறா."

புதுச் சுவரில் ஒரு புள்ளி கூட இல்லை. இருந்தும் அவன் மூலையை இன்னொரு தடவை பார்த்தான்.

மூன்றாம் நாள் அக்கா வந்து நிலையைப் பார்த்துவிட்டு யாரையும் கேட்காமல் ஆட்டோவைப் பிடித்தாள். நெஞ்சு நோய்க்கென்றே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி. ஊதச் சொன்னார்கள், படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பறிகிற மாதிரி கேட்டுக்கொண்டே போனார்.

"வீட்டுல புறா, கோழி வளக்கறீங்களா?"

"இல்ல டாக்டர்."

"எப்பெப்ப மூச்சு வாங்குது?"

அக்கா முந்திக்கொண்டாள். "அவ வீட்டுக்குப் போன அன்னைக்குச் சாயங்காலம். கடிகாரம் வச்ச மாதிரி. எங்க வீட்டுக்கு வந்தா மூணு நாள்ல சரியாயிடுது."

டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பினார். "இவங்க வர்றதுக்கு முன்னாடி வீட்டுல ஏதாவது செய்வீங்களா? பெருக்குறது, பழைய சாமான் எடுக்குறது, அது மாதிரி?"

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இதுவரைக்கும் யாரும் கேட்காத கேள்வி. சொல்வதற்கு அவனிடம் நல்ல பதில் இருந்தது.

"பெருக்குறது என்ன டாக்டர், சுவரையே புதுசாக்கிடுவேன். பூசணம் பூத்திருக்கும். தகட்டாலே சுரண்டி, உப்புத்தாள் போட்டு வழவழன்னு தேச்சு, ரெண்டு கோட் அடிச்சு வச்சிருவேன். நாலு தடவையும் செஞ்சிருக்கேன். அவ வர்றதுக்கு முந்தின நாளே."

டாக்டரம்மாவின் பேனா நின்றுவிட்டது.

"நாலு தடவையும்," என்றார்.

"ஒரு தடவைகூட விடல."

அக்கா அவனைப் பார்த்தாள். மனைவி பார்க்கவில்லை, நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நாற்காலி நுனிக்கு வந்தான்.

"எதிர்ப்பு சக்தி கம்மியா டாக்டர்? டானிக் எல்லாம் வாங்கிக் குடுத்தேன்..."

"கம்மி இல்லை. அதுதான் சிக்கலே." டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "பூசணம் கண்ணுக்குத் தெரியாத விதை விடும். காத்துல மிதந்து மூச்சோட உள்ள போகும். நம்ம உடம்புல காவக்காரங்க இருக்காங்க. தப்பானவன் யாராவது வந்தா முகத்தை ஞாபகம் வச்சுக்கிட்டு, அடுத்த தடவை வாசல்லயே அடிப்பாங்க. இவங்களோட காவக்காரங்க அந்த விதையைத் திருடன்னு முடிவு பண்ணிட்டாங்க. விதை பாட்டுக்குச் சும்மாதான் கிடக்கும். ஆனா காவக்காரங்க அடிக்கிற அடியெல்லாம் நுரையீரல் மேலதான் விழுது. அதான் காய்ச்சல், அதான் வீக்கம். திருடன் ஒவ்வொரு தடவை வரும்போதும் அடி. அடி வாங்கின இடம் கடைசியில தழும்பாயிடும். தழும்பு விரியாது, சுருங்காது, அதுல மூச்சு போகாது."

"நான் முப்பது வருஷமா அந்தத் தூசியைத் தின்னுக்கிட்டு இருக்கேனே. என்னை ஏன் விட்டுடுச்சு?"

"ஒருத்தர் உடம்பு கண்டுக்காது. இன்னொருத்தர் உடம்பு விடாது. ஏன்னு என்னைக் கேட்டா என்கிட்ட பதில் இல்லை. நாளைக்கு உங்களையும் பிடிக்கலாம்." பிறகு படத்தைக் காட்டினார். கறுப்பு நுரையீரலில் மூலையில் மிளகு தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். சில இடத்தில் கைகோர்க்கத் தொடங்கியிருந்தன. "இப்ப நிறுத்தினா பாதிக்கு மேல திரும்பக் கிடைக்கும். இவங்க அந்த வீட்டுக்குத் திரும்பப் போகக் கூடாது. மாத்திரை தர்றேன். ஆனா வீடு மாறாம மாத்திரையை மட்டும் முழுங்கினா வீண்."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தார்கள். அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நகக்கண்ணில் வெங்காயத் தோல் நிறம்.

"திட்டு," என்றான்.

"மூச்சு இல்லைங்க," என்றாள் அவள். "கடனா வச்சுக்கங்க."

அவளை அக்காவோடு அனுப்பிவிட்டு அவன் மட்டும் வீட்டுக்குப் போனான். ஒரு யோசனை இருந்தது. சுவரை உள்ளே வரை கொத்திப் பார்த்து, கசிவு எங்கே என்று கண்டுபிடித்து அடைத்துவிட்டால்? டாக்டரம்மா சொன்னபடி மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, ஜன்னலைத் திறந்து, சுவரை நனைத்துவிட்டுத் தகட்டை வைத்தான். நனைந்த பெயிண்ட் உரித்த தோலாகச் சுருண்டு வந்தது.

வெங்காயத் தோல். அதன் கீழே கறுப்பு. அதன் கீழே வெளிர் நீலம், மூன்றாவது தடவை அவள் வந்தபோது அடித்தது. அதன் கீழே மறுபடி கறுப்பு. ரோஜா நிறம், கறுப்பு. சந்தன நிறம், கறுப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வரவேற்பு. ஒவ்வொரு வரவேற்புக்கும் அடியில் அதே பெண், அதே சாய்வு, சாகாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் அவளை மூடவில்லை. அடுக்கடுக்காகப் போர்த்திப் பத்திரப்படுத்தியிருக்கிறான்.

பூச்சைக் கொத்தினான். செங்கல்லை விரலால் அழுத்தினால் தண்ணீர் வந்தது. இன்னும் இரண்டு கல்லை நெம்பினதும் புரிந்துவிட்டது. ஓட்டை ஒரு இடத்தில் இல்லை. வெளியே சாக்கடை, உள்ளே தரையைவிட ஒரு முழம் உயரத்தில் ஓடியது. வீடு முழுக்கத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நிற்கிறது. கட்டும்போதே அவனுக்குத் தெரியும். தெரிந்தும், பூச்சு நன்றாக இருந்தால் போதும் என்று நினைத்தவன்.

அப்போது யாரோ இருமினார்கள். கட்டில் பக்கம்.

திரும்பினான். யாரும் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாளாக இருக்கலாம். அவனேகூட இருமியிருக்கலாம். தகட்டைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டு, வெறும் கையோடு வீட்டைப் பூட்டினான்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு அறை பிடிக்க வேண்டும். அன்றைக்கு அக்கா மகள் கைக்குழந்தையோடு வருகிறாள். அக்கா வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இருக்கிற ஒரே அறையை எத்தனை பேருக்குப் பங்கு போடுவது?

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேருமாகக் கிளம்பினார்கள். "நீ வெளியவே நில்லு, நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்பது ஏற்பாடு. அவள் ஒவ்வொரு வாசலிலும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள்.

முதல் அறைக்குள் நுழைந்தான். பால் வெள்ளைச் சுவர். புறங்கையை வைத்தான். சுவரில் ஏறும் ஈரத்தை, ஓதத்தை, பெயிண்டர்கள் பார்ப்பது புறங்கையால்தான், உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும், பொய் சொல்லும். குளிர்ந்தது. கண் தானாக ஸ்விட்ச் பலகைக்குப் போனது. அதன் ஓரத்தில் பிரஷ் மேல்நோக்கி ஒரு சின்ன வால் விட்டிருந்தது. கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்யும் வால். அவன் கை வால்.

இங்கே எப்போது வந்தோம்? அந்த ஜன்னல், அந்தப் பரண்... ஞாபகம் வந்தது. உள்ளங்கை உள்ளங்கையாகப் பச்சைப் பூசணம். அதன் மேல் ரெண்டு கோட்.

இறங்கி அவளிடம் வந்தான். "வேண்டாம்."

இரண்டாவது அறை. வால். மூன்றாவது, தெருக்கோடியில். உள்ளே காலை வைக்கும் முன்பே வாசலிலிருந்து வால் தெரிந்தது. இந்த ஊரில் காலியாக இருக்கிற அறைகளில் எல்லாம் அவன்தான் கடைசியாக வந்துபோயிருக்கிறான். வாடகைக்கு விடுமுன் கூப்பிடுகிற ஆள் அவன்தானே.

"என்ன ரெண்டு கோட், உன் வேலையையே நீ ரசிச்சுக்கிட்டு நிக்கற?" என்றார் மூன்றாவது அறையின் வீட்டுக்காரர். "எடுத்துக்கறியா, இல்லையா? அடுத்த ஆள் வந்தாச்சு."

படியேறி வந்தவள் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. தையல்காரி. பின்னால் அவள் புருஷன், முகக்கவசம் கட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக வந்தான். அவள் நேராகச் சுவருக்குப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு, கையில் பெயிண்ட் கறையோடு நின்ற இவனிடம் கேட்டாள்.

"அண்ணே, நீங்கதான் அடிச்சதா? ஈரம் இருக்குமா? இவருக்குச் சிறுநீரகம் மாத்தியிருக்கு. புதுச் சிறுநீரகத்தோட உடம்பு சண்டை போடக் கூடாதுன்னு மாத்திரை குடுத்துச் சுத்தமா அடக்கி வச்சிருக்காங்க. பூசணம் இருக்கற இடத்துக்கே போகாதீங்கன்னு சொன்னாங்க."

ஒருத்தி உடம்பில் காவல்காரன் ஓயாமல் அடிக்கிறான். இன்னொருவன் உடம்பில் காவல்காரனுக்கு மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே சுவர்.

வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "ஈரமாவது ஒண்ணாவது! சொல்லுய்யா."

இந்தக் கேள்விக்கு முப்பது வருஷமாக ஒரே பதில்தான். நாக்கு அந்தப் பதிலுக்கே பழகிப்போயிருந்தது. அவன் கீழே பார்த்தான். வாசல்படியில் மனைவி, மூச்சுக்குத் தோளைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

"இருக்கும்மா," என்றான். "இந்த மூலையில ஓதம் ஏறுது. உள்ள பூசணம் இருக்கு. வேண்டாம். இவரைக் கூட்டிக்கிட்டு முதல்ல வெளிய போங்க."

"யோவ்! நீதானய்யா அடிச்ச!"

"ஆமா. அதான் தெரியும்."

"இனிமே இந்தத் தெருவுல பிரஷைத் தூக்கிக்கிட்டு வந்து பாரு!"

அவர் கத்தின கத்தலில் கீழே இருந்தவள் எழுந்து நின்றுவிட்டாள். தையல்காரி புருஷனின் கையைப் பிடித்துத் திருப்பினாள். கடைசிப் படியில் நின்று அவனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நன்றியா, 'எத்தனை பேருக்கு ஈரம் இல்லைன்னு சொல்லியிருப்பே' என்கிற பார்வையா, அவனுக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

சனிக்கிழமை மதியம்தான் கிடைத்தது. சாவி செய்கிறவரின் கடைக்கு மேலே, மொட்டைமாடியில் ஒற்றை அறை. சிமெண்ட் பூச்சோடு நின்றுபோன சுவர். ஒரு பக்கம் அதுவும் இல்லை, வெறும் செங்கல். இரண்டு பக்கமும் ஜன்னல், வெயில் அறைக்குள் நடந்து மறுபக்கம் போனது. புறங்கையை வைத்தான். நாலு மூலையிலும் வைத்தான். முட்டிபோட்டுத் தரையோரம் வைத்தான். கதகதப்பாக இருந்தது.

சாவிக்காரருக்கு வெட்கம். "கையில காசு இல்ல, அப்படியே விட்டுட்டேன். பாக்க லட்சணமா இல்லைன்னு யாரும் வரமாட்டேங்கறாங்க. நீங்க பெயிண்டர்தானே, உங்க இஷ்டத்துக்கு நல்லதா ஒரு கலர் அடிச்சுக்கங்களேன்."

"வேண்டாம்!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

சாவிக்காரர் பயந்துபோய் ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு வழக்கம் போல இருமலானது. அவன் எண்ணினான். நாலு, ஐந்து, ஆறு. ஆறில் நின்றது.

அக்கா வீட்டிலிருந்து ஒரு பாய், இரண்டு பாத்திரம். தலையணை புதிது. பழையது எதையும் எடுத்துவரக் கூடாது என்று டாக்டரம்மா உத்தரவு. நாலு மணிக்குள் குடிவந்து முடிந்துவிட்டது. அதற்கப்புறம் செய்ய ஒன்றும் இல்லை, சாயங்காலத்துக்குக் காத்திருப்பதைத் தவிர. அது எப்போதும் சாயங்காலம்தான் வரும். வேண்டாத விருந்தாளியை எதிர்பார்க்கிற மாதிரி இரண்டு பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எத்தனை வீடு இருக்கும்?" என்றாள் திடீரென்று.

"எது?"

"ரெண்டு கோட் அடிச்சது."

அவன் மனசுக்குள் தெருத் தெருவாகப் போய்க்கொண்டிருந்தான். அந்த வெள்ளைச் சுவர் வீட்டில் இருமிக்கொண்டிருந்த தபால்காரர். மாடி வீட்டில் இடுப்பில் குழந்தையோடு நின்றவள். ஒவ்வொரு கட்டிலுக்கும் தலைமாட்டில் பளபளவென்று பூசி வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

"திங்கக்கிழமையிலிருந்து போய்ச் சொல்றேன்," என்றான். "வீடு வீடா."

"அடிக்க வருவாங்க."

"வரட்டும். அடிக்கறது என்ன, எனக்குப் புதுசா?"

வெயில் செங்கல் சுவரிலிருந்து இறங்கியது. ஐந்து மணி. ஐந்தரை. கீழே சாவிக்காரர் அரம் தேய்க்கும் சத்தம் நின்றது. ஆறு. அவள் தலைமுடியை அவிழ்த்துக் கோதிக்கொண்டு, சுவரோரம் முழங்காலைக் கட்டி உட்கார்ந்தாள். ஒன்றரை வருஷத்துப் பழக்கம், மூச்சு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அப்படித்தான் உட்காருவாள்.

அவன் விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பினான்.

சாம்பல் சுவரில் அது உட்கார்ந்திருந்தது. அவிழ்ந்த முடி, கட்டின முழங்கால், ஒரு பக்கமாகச் சாய்ந்த தோள். இங்கேயும் வந்துவிட்டது. பாய்ந்து போய்ச் சுவரில் புறங்கையை அழுத்தினான். காய்ந்திருந்தது. அவன் கையின் மேல் அந்த முடி விழுந்தது, பிறகு அசைந்தது.

"என்னங்க?" என்றாள் அவள், தலையை நிமிர்த்தி. சுவரில் இருந்ததும் தலையை நிமிர்த்தியது.

அவளுடைய நிழல்தான். எத்தனையோ சாயங்காலம் அந்த வீட்டுச் சுவரில் சாய்ந்து அவள் மூச்சுக்குத் தவித்த அதே உட்காரல். இத்தனை நாளாக அவன் மறுபடி மறுபடி சுரண்டியது, பூசி மறைத்தது, யாரை?

"ஒண்ணும் இல்ல," என்றான்.

சுவரிலிருந்து கையை எடுத்து, அதே புறங்கையை அவள் கழுத்தில் வைத்தான். அழுத்தி வைத்தான். எடுத்து, மறுபடி வைத்தான்.

"எப்படி இருக்கு?" என்றாள். குரலில் சிரிப்பு இல்லை. "சொல்லுங்க. பொய் சொல்லாம சொல்லுங்க."

"சுடல," என்றான். "இன்னைக்குச் சுடல."